கால் மில்லிமீட்டர்

நவம்பரில் ஆரம்பித்தது.
எஞ்சின் சூடேறியபின், மூன்றாவது கியரில்,
ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும்
அடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோல.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
டிசம்பரில் இன்னும் கூட்டினேன்.
ஜனவரியில் செய்தி வாசிப்பவர் கத்திக்கொண்டிருந்தார்,
தட்டலும் கேட்டது.

பக்கத்து ஷெட் அஸ்கோல்ட்ஸ்
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.
"பேரிங். இரண்டாவது சிலிண்டர்.
விற்றுவிடு, விஸ்மா,
காது கேளாத ஒருவனாகப் பார்த்து."

லியெபாயாவில் டிராம் ஓட்டுகிறேன்.
ஒரே தடம், போவதும் வருவதும்.
மின்சாரத்துக்கு மூட்டுவலி கிடையாது.
வீட்டுக்கு வந்தால் இது,
பதினெட்டு வயது ஜெர்மன் கார்,
ஆறு சிலிண்டர், மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

பிப்ரவரி, மைனஸ் பதினொன்று.
குறுக்கே ஒரு இரும்புக் கழி போட்டு
எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டேன்.
முதலில் எண்ணெயை வடித்தேன், ரொட்டி சுடும் தட்டில்.
அதற்குள் ஜரிகை மின்னியது.
அழகாகத்தான் இருந்தது,
அழகு இருக்கக் கூடாத இடத்தில்.
சம்ப்பைக் கழற்றியதும்
ஒரு சொட்டு மிச்சம் என் புருவத்தில் விழுந்தது.

மூடிகளைத் திறந்தேன்.
பிறைபோல் வளைந்த மெல்லிய தகடுகள்,
என் கட்டைவிரல் அகலம்.
சாம்பல் பூச்சு தேய்ந்து
செம்பு சிவந்து தெரிந்தது;
இரண்டாவதில் செம்பும் போய்விட்டிருந்தது.

புதுத் தகட்டை வைத்தேன்.
அதன்மேல் ஒரு துண்டு பச்சை மெழுகு நூல்.
மூடி, முறுக்கு குறடால் இறுக்கி, திறந்தால்
நூல் நசுங்கியிருக்கும்;
நசுங்கிய அகலத்தை அட்டையில் ஒப்பிட்டால்
இடைவெளி தெரியும்.
இதுதான் கணக்கு.

திறந்தேன்.
நூல் போட்டபடியே கிடந்தது,
உருண்டையாக, தூங்கி எழாததுபோல.

இன்னொரு துண்டு. மீண்டும் அப்படியே.
குளிரில் விரல் எது குறடு எது என்று புரியாத நேரத்தில்
பழைய தகட்டைத் தற்செயலாகப் புரட்டினேன்.
முதுகில் பொறித்திருந்தது: 0.25

அதாவது எனக்கு முன்பே ஒருவர்
இந்த எஞ்சினைத் திறந்திருக்கிறார்.
கிராங்கைக் கழற்றி,
கால் மில்லிமீட்டர் கடைந்து மெலியவைத்து,
தடித்த தகடுகள் போட்டு மூடியிருக்கிறார்.
"எஞ்சின் திறக்கப்படாதது" என்று
விற்றவன் எழுதிக்கொடுத்த காகிதம்
இன்னும் டாஷ்போர்டில் இருக்கிறது.
அந்த முதல் ஆளும்
கொஞ்ச காலம் ரேடியோவைக் கூட்டியிருப்பான்.

சரியான அளவு வர பன்னிரண்டு நாள்.
கிராங்குக்கு எண்ணெய்த் துணி சுற்றினேன்.
காலை நான்கே காலுக்கு
கால்வாய்ப் பாலத்தின்மேல் நடந்து டிப்போவுக்குப் போனேன்.
பூட்ஸுக்கடியில் பனி நெரிந்தது,
வேறெதுவும் தட்டவில்லை.
ஒரு நாள் என் டிராமில் அஸ்கோல்ட்ஸ் ஏறினார்,
டிக்கெட்டை நீட்டி, "இதில் பேரிங் நல்லதா?" என்றார்.
நான் மணியடித்துக் கிளம்பினேன்.

பார்சல் வந்தது.
பழைய போல்ட்டுகளை எறிந்துவிட்டு
புதியவற்றை, இருபது நியூட்டன் மீட்டர்,
பிறகு எழுபது பாகை,
மூச்சைப் பிடித்துத் திருகினேன்.
இந்த முறை நூல் பட்டையாகப் பரந்திருந்தது.
அட்டையில் இரண்டு கோடுகளுக்கு நடுவே,
சரியாக நடுவே அல்ல.
போதும்.

எரிபொருள் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு
ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன்.
எண்ணெய் விளக்கு எரிந்தது, எரிந்தது,
பதினான்கு எண்ணினேன், அணைந்தது.
ஃப்யூஸைச் சொருகினேன்.

இப்போது ஓட்டும்போது
பின்கதவு ரப்பர் முனகுவது கேட்கிறது,
வலப்பக்க வைப்பர், ஏதோ ஒரு நாணயம்
இருக்கைக்கடியில் உருள்வது.
இவையெல்லாம் முன்பும் இருந்தனவா என்று தெரியவில்லை.

விற்பனைக்கு:
பேரிங் செட் ஒன்று, ஆறு சிலிண்டர்.
ஒருமுறை பொருத்திப் பார்த்தது, ஓட்டவில்லை.
ஸ்டாண்டர்டு அளவு.
வாங்குமுன் பழையதன் முதுகைப் பார்க்கவும்.